விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவில் வேலை: ஷோரீல் பார்ப்பவர் எதைத் தேடுகிறார்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: விஎஃப்எக்ஸில் (திரைப்படக் காட்சி விளைவுகளில்) ஓராண்டுப் படிப்பு முடித்துவிட்டேன், மாயா, நியூக், ஹூடினி ஆகிய மூன்று மென்பொருள்களும் ஓரளவு தெரியும், என் வேலைகளைத் தொகுத்த மூன்று நிமிட ஷோரீல் ஒன்றைப் பல ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. இன்னொரு மென்பொருள் கற்க வேண்டுமா, பட்டம் இல்லாததுதான் குறையா, உள்ளே ஆள் தெரிந்தால்தான் நுழைய முடியுமா? கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். உங்கள் ரீலைத் திறப்பவர் எதைப் பார்த்து அதை மூடுகிறார்? அதைச் சொன்னால் மற்ற மூன்றுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். நான் காம்பாசிட்டிங்கில், சுருக்கமாகக் காம்ப், அதாவது தனித்தனிப் படங்களை ஒரே ஷாட்டாக இணைக்கும் துறையில் வளர்ந்தவன், ஜூனியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கூட உட்கார்ந்து பல ஆண்டுகளாக ரீல் பார்க்கிறவன். எனவே காம்ப் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். லைட்டிங், எஃப்எக்ஸ் (நெருப்பு, நீர், வெடிப்பு போன்றவை) எல்லாம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டவை. கேரக்டர் அனிமேஷனில் ஆளை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை மட்டும் ஒரு அனிமேட்டரிடம் கேளுங்கள், அது தனி உலகம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பெரிய ஸ்டூடியோ எதிலும் வெறும் 'ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு வேலை கிடையாது. ரோட்டோ (உருவத்தின் விளிம்பைப் பிரேம் பிரேமாக வரைந்து பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் மீட்டெடுப்பது), மாடலிங், டெக்ஸ்சர், ரிக்கிங் (உருவம் அசைய எலும்புக்கூடு அமைப்பது), அனிமேஷன், எஃப்எக்ஸ், லைட்டிங், மேட் பெயின்டிங் (பின்னணிக் காட்சி வரைவது), காம்ப் என்று தனித்தனித் துறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லீட் (குழுத் தலைவர்), மேலே ஒரு சூப்பர்வைசர். உங்கள் ரீல் முதலில் ஆள் சேர்ப்பவரின் கைக்குப் போகும். அவர் அதை எந்தத் துறையின் லீடுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு ரோபோ மாடல், ஒரு வெடிப்பு, ஒரு கிரீன்ஸ்கிரீன் ஷாட், நடக்கும் பொம்மை ஒன்று, கடைசியில் ஒரு லோகோ அனிமேஷன் என்று ரீல் ஓடினால் அவர் யாருக்கு அனுப்புவார்? மாடலிங் லீட் பார்த்தால் மாடல் ஒன்றுதான் இருக்கிறது. காம்ப் லீட் பார்த்தால் காம்ப் ஒன்றுதான் இருக்கிறது. இருவருக்குமே போதாது. சிறிய ஸ்டூடியோக்களிலும் விளம்பரப் பட வேலைகளிலும் எல்லாம் தெரிந்த ஜெனரலிஸ்டுக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிறவரைத்தான் தேடுவார்கள். எல்லாம் கொஞ்சம் தெரிந்த புதியவருக்கு இரண்டு இடத்திலும் கதவு குறுகலாகவே இருக்கும். ஒரு துறையைத் தேர்ந்தெடுங்கள், அதற்கான ரீலைத் தனியாக வெட்டுங்கள். நான் முதலில் சொல்லும் மாற்றம் இதுதான்.

இரண்டாவது, ரீல் பார்ப்பவர் மனதில் இருக்கும் கேள்வி 'இவருக்குத் திறமை இருக்கிறதா' என்பதல்ல. 'இவரிடம் திங்கட்கிழமை ஒரு ஷாட்டைக் கொடுத்தால், வேறு யாரும் உட்கார்ந்து திரும்பச் செய்யாமல், சொன்ன நாளில் முடித்துத் தருவாரா' என்பதுதான். ஸ்டூடியோ ஒவ்வொரு ஷாட்டுக்கும் இத்தனை ஆள்-நாள் என்று கணக்குப் போட்டுத்தான் தயாரிப்பாளரிடம் விலை சொல்கிறது. ஜூனியர் ஒருவர் சொதப்பினால் அந்த ஷாட் சீனியரிடம் போகும், கணக்கு உதைக்கும். அதனால்தான் பளபளப்பான டிராகனை விட, நடிகரைத் தாங்கும் ஒயரை யாருக்குமே தெரியாதபடி அழித்த ஒரு சாதாரண ஷாட் வேலை வாங்கிக் கொடுக்கிறது. புதியவர்கள் இதை நம்புவதே இல்லை.

ஒரு காம்ப் ஷாட்டைப் பார்க்கும் லீட் எங்கே கண் வைக்கிறார் என்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ரீல் தோற்கும் இடம் பெரும்பாலும் இதில் எங்கேயோதான் இருக்கும். முதலில் கறுப்பு. பிளேட்டில் (கேமராவில் எடுத்த மூலக் காட்சியில்) உள்ள மிக இருண்ட பகுதியும் நீங்கள் சேர்த்த பொருளின் மிக இருண்ட பகுதியும் ஒரே அளவில், ஒரே சாயலில் இருக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் பொருளுக்குக் கறுப்பு கொஞ்சம் வெளுத்து, காற்றின் நிறம் ஏறியிருக்கும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, நியூக் வியூவரில் காமாவை (படத்தின் வெளிச்ச அளவை) ஏற்றினால் பல்லிளித்துவிடும். டெய்லீஸில் (அன்றன்றைய ஷாட்களைப் பார்க்கும் கூட்டத்தில்) எங்கள் சூப்பர்வைசர்கள் முதலில் செய்வதே அதுதான். அடுத்து விளிம்பு. கிரீன்ஸ்கிரீன் கீயிங்கில் (பச்சைத் திரையை நீக்கி ஆளை மட்டும் பிரிப்பதில்) முடி ஓரமும் வேகமாக அசையும் கையும்தான் சோதனை. ஓரத்தில் கறுப்புக் கோடோ வெள்ளைக் கோடோ தெரிந்தால், அல்லது பச்சைச் சாயத்தை அடக்குகிறேன் என்று தோலின் நிறமே சாம்பலாகிப் போயிருந்தால், அங்கேயே ரீலை நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு கீயரை வைத்து முழு ஆளையும் வெட்ட முயன்றது அப்பட்டமாகத் தெரியும். உடலுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, மோஷன் பிளருக்கு (வேக அசைவின் மங்கலுக்கு) ஒன்று என்று பிரித்துச் செய்வதுதான் வழக்கம்.

அப்புறம் கிரெயின், அதாவது படத்தில் தெரியும் நுண்ணிய புள்ளி இரைச்சல். கேமராவின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனல்களிலும் இரைச்சல் ஒரே மாதிரி இருக்காது, நீலத்தில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். நீங்கள் சேர்த்த சிஜி (கணினியில் உருவாக்கிய) பொருளில் கிரெயின் இல்லாவிட்டால், அல்லது மூன்று சேனலுக்கும் ஒரே அளவில் தூவியிருந்தால், அது பிளேட்டில் ஒட்டாமல் மேலே மிதக்கும். இதைவிடப் பெரிய குற்றம், பிளேட் முழுவதன் மீதும் இன்னொரு முறை கிரெயினை ஏற்றிவிடுவது. நீங்கள் தொடாத பிக்செல் அனைத்தும் வந்தபடியே திரும்பிப் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுங்கு. டிராக்கிங்கிலும் (காட்சியின் அசைவைப் பின்தொடர்வதிலும்) அதே கண்டிப்பு உண்டு. ஒரு புள்ளியில் படத்தை நிலைநிறுத்தி ஓட்டிப் பார்த்தால், நீங்கள் சுவரில் ஒட்டிய போஸ்டர் அரை பிக்செல் வழுக்கினாலும் தெரிந்துவிடும். நான்கு விநாடி ஷாட் என்றால் சினிமாவின் 24 பிரேம் கணக்கில் 96 பிரேம்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள், பயப்படுத்தச் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. பொருள் தரையைத் தொடும் இடத்தில் விழும் சின்ன நிழல், பக்கத்துச் சிவப்புச் சுவரிலிருந்து அதன் மீது ஏறும் சாயம், லென்ஸின் ஃபோகஸ் எங்கே விழுகிறது என்பது. இவற்றைக் கற்றுக்கொள்ள மென்பொருள் தேவையில்லை. ஒரு கேமராவை எடுத்து மேனுவல் முறையில் படம் பிடித்துப் பழகுங்கள். ஒளியைக் கவனித்துப் பழகாதவர் எத்தனை பட்டன் தெரிந்து வைத்திருந்தாலும் ஷாட் பொய்யாகவே தெரியும். என்னோடு வேலை செய்த நல்ல காம்ப் ஆட்களில் பாதிப் பேருக்குப் புகைப்படப் பைத்தியம் உண்டு.

மற்ற துறைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்எக்ஸ் ரீலில் முதலில் காட்டிக்கொடுப்பது அளவு. கப்பல் அளவு அலை, வாளித் தண்ணீர் மாதிரி வேகமாகத் தெறித்தால் முடிந்தது. மாடலிங்கில் ரெண்டர் மட்டும் போதாது, ஒயர்ஃப்ரேமும் (மாடலின் கோட்டு வலை) யூவியும் (மேற்பரப்பை விரித்த வரைபடம்) காட்ட வேண்டும். மேட்ச்மூவில் லென்ஸ் வளைவை எப்படிக் கையாண்டீர்கள் என்று தெரிய வேண்டும், பிளேட்டின் மீது சோதனைப் பொருள்கள் நழுவாமல் நிற்க வேண்டும். லைட்டிங்கில், உண்மையான பிளேட்டில் நிற்கும் ஒரு சாதாரணப் பொருள், இருட்டு அறையில் சுழலும் அழகான காரை விட அதிகம் பேசும்.

இனி ரீலின் வடிவம். மூன்று நிமிடம் அதிகம், ஒரு நிமிடம் போதும். நல்ல ஷாட் மூன்றுதான் இருக்கிறதா, மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவதாகப் போடும் சுமாரான ஷாட், முதல் மூன்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும், 'எது நல்லது என்று இவருக்கே தெரியவில்லையே' என்று. மிக நல்லதை முதலில் வையுங்கள், கடைசிக்கு என்று ஒளித்து வைத்தால் அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதலில் முடிந்த ஷாட், பிறகு அதன் பிரேக்டவுன், ஒவ்வொரு அடுக்காக. இசையை நாங்கள் பெரும்பாலும் நிறுத்திவிட்டுத்தான் பார்ப்போம், அதில் நேரம் செலவழிக்காதீர்கள். பெயர், துறை, மின்னஞ்சல் தொடக்கத்திலும் முடிவிலும் தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டிலும் நீங்கள் எதைச் செய்தீர்கள், எது மற்றவர் செய்தது என்று எழுத்தில் கொடுங்கள். மாடல் இணையத்தில் இறக்கியது என்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் வேலையைத் தன் வேலை என்று காட்டுவதுதான் திரும்ப முடியாத தவறு. இந்தத் தொழில் உலகளவில் பரவிக் கிடந்தாலும் ஆட்கள் சுற்றிச் சுற்றி ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், அந்த ஷாட்டை உண்மையில் செய்தவர் ரீல் பார்க்கும் அறையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடும். அதேபோல, இன்னும் வெளிவராத படத்தின் ஷாட்டை ரகசிய ஒப்பந்தத்தை மீறி ரீலில் போடுகிறவரை எவரும் எடுக்க மாட்டார்கள். இன்று அவர்களுடையதைக் காட்டுகிறவர் நாளை எங்களுடையதையும் காட்டுவார் அல்லவா?

நீங்கள் யோசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரீலில் உள்ள ஷாட்கள் பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் கொடுத்தவையா? அப்படியானால் அதே பிளேட், அதே பறக்கும் தட்டு உங்கள் வகுப்பில் இருந்த எல்லோருடைய ரீலிலும் இருக்கும். ஆள் சேர்ப்பவர் ஒரே வாரத்தில் அதைப் பலமுறை பார்த்திருப்பார். பதில் வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சொந்தமாக ஏதாவது எடுத்துச் செய்யுங்கள். செல்போனில் எடுத்த காட்சி அதிகம் சுருக்கப்பட்டிருப்பதால் கீயிங் பழக ஏற்றதல்ல, ஆனால் டிராக்கிங்குக்கும் பெயின்டுக்கும் போதும். தரமான பிளேட் வேண்டுமென்றால், பிளெண்டர் அறக்கட்டளை 2012-இல் எடுத்த 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் மூலக் காட்சிகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டிருக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நான்காவதாக ஒன்று வேண்டாம், இருக்கும் மூன்றில் ஒன்றை ஆழமாகப் பிடியுங்கள். காம்ப் என்றால் நியூக். 1990-களில் டிஜிட்டல் டொமைன் ஸ்டூடியோ தன் சொந்த உபயோகத்துக்கு எழுதிய மென்பொருள் அது, 2007-இல் ஃபவுண்ட்ரி நிறுவனத்தின் கைக்கு வந்தது. இன்று சினிமா காம்பில் அதைத் தவிர்க்க முடியாது. எஃப்எக்ஸ் என்றால் ஹூடினி. இரண்டுக்கும் கற்பவர்களுக்கான இலவசப் பதிப்பு இருக்கிறது. ஹூடினியின் இலவசப் பதிப்பு படத்தில் தன் முத்திரையைப் பதிக்கும், பரவாயில்லை, ரீல் பார்ப்பவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மாடலிங், லைட்டிங் பழகுவதற்கு பிளெண்டரில் தொடங்கினாலும் தவறில்லை, ஸ்டூடியோவில் மாயா இருந்தால் சில வாரங்களில் கை பழகிவிடும். கூடவே கொஞ்சம் பைத்தான் நிரலாக்கம் தெரிந்தால் கூடுதல் பலம். லீனியர் ஒளிக் கணக்கு, ஓப்பன்-இஎக்ஸ்ஆர் கோப்பில் சேனல்கள் எப்படி அடுக்கியிருக்கும், பிரீமல்டிப்ளை என்றால் என்ன என்பவை அதைவிட முக்கியம். நேர்முகத்தில் இவற்றைத்தான் கேட்பார்கள், மனப்பாடப் பதில் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பட்டம்? ரீல் நன்றாக இருந்தால் பட்டத்தைப் பற்றி எந்த லீடும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, வெளிநாடு. லண்டன், வான்கூவர், மாண்ட்ரியல் போன்ற ஊர்களில் சினிமா விஎஃப்எக்ஸ் வேலை அதிகம் குவிந்திருக்கிறது. அங்குள்ள அரசுகள் தரும் வரிச் சலுகைதான் முக்கியக் காரணம். அந்த நாடுகளுக்கு வேலை அனுமதி கேட்கும்போது, எந்த வகை அனுமதி என்பதைப் பொறுத்து, பட்டமோ அனுபவ ஆண்டுகளோ கணக்கில் வரலாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள், என்னைப் போன்றவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

ஆள் தெரிந்திருந்தால் உதவுமா என்றால் உதவும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல. தெரிந்தவர் உங்கள் ரீலைத் திறக்க வைப்பார், அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றும் இல்லை. அதைவிட நேரம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. ஸ்டூடியோவுக்குப் புதிய படம் கிடைத்ததும் ஒரே மூச்சில் ஆள் எடுப்பார்கள், அது முடிந்தால் மாதக்கணக்கில் எடுக்க மாட்டார்கள். நீங்கள் அனுப்பியது அந்தக் காய்ந்த மாதமாக இருந்திருக்கலாம். பதில் வராதது நிராகரிப்பா, தாமதமா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை, அதில் மனதைப் போட்டு உழப்பாதீர்கள்.

ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் வழியாக நுழைவது பற்றி. காம்ப் ஆட்களில் பலர் அப்படித்தான் வந்தார்கள், நானும் ரோட்டோவில் தொடங்கியவன்தான். விளிம்பையும் அசைவையும் பார்க்கும் கண் அங்கேதான் பழகுகிறது. ஆனால் சேரும்போதே கேளுங்கள், இங்கே ரோட்டோவிலிருந்து காம்புக்குப் போனவர்கள் இருக்கிறார்களா என்று. ரோட்டோ மட்டுமே செய்யும் நிறுவனத்தில் காம்ப் துறையே இருக்காது, அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் ஏறுவதற்குப் படி இல்லை. மாலையில் சொந்தமாகக் காம்ப் ஷாட் செய்து ரீலைப் புதுப்பிக்கத்தான் வேண்டியிருக்கும்.

நேர்முகம் வந்தால், உங்கள் ஷாட்டையே ஓட்டிவிட்டு 'இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் இதில் எதை மாற்றுவீர்கள்' என்று கேட்பது வழக்கம். ஒன்றுமில்லை என்று சொன்னால் கண் இல்லை என்று பொருள். குறையை நீங்களே காட்டி, எப்படிச் சரிசெய்வீர்கள் என்றும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அடுத்து அவர்களே ஒரு திருத்தம் சொல்லி உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். டெய்லீஸில் ஒரே ஷாட் பத்து முறை திரும்பி வரும், நேற்று சொன்னதற்கு நேரெதிராக இன்று இயக்குநர் சொல்வார். அதைச் சண்டையாக்காமல் வாங்கிக்கொள்கிறவரா என்று பார்க்கிறார்கள். சில இடங்களில் ஒரு சோதனை ஷாட் கொடுப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் ஷாட்களைச் சோதனை என்ற பெயரில் வாரக்கணக்கில் இலவசமாக வாங்கினால் விலகிவிடுங்கள். வேலைக்கு வைப்புத்தொகையோ பயிற்சிக் கட்டணமோ கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியானது. இனி சொல்வது ஊகம் கலந்தது. இந்தத் தொழிலின் வருமானம் நிலையில்லாதது என்பதில் மட்டும் ஊகம் இல்லை. 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய அதே 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டூடியோ திவாலானது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது படப்பிடிப்புகள் நின்று, சில மாதங்களில் அந்த அடி எங்கள் மேசைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் எம்பிசி விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்து, ஏராளமான அனுபவசாலிகள் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். புதியவரான நீங்கள் அவர்களோடும் போட்டி போடுகிறீர்கள் என்பது உங்கள் ரீலின் குறையல்ல. ஏஐ பற்றியும் கேட்பீர்கள். ரோட்டோவின் முதல் கட்டத்தை இயந்திரம் ஏற்கனவே செய்கிறது, நியூக்கிலேயே 2021-இலிருந்து காப்பிகேட் என்ற இயந்திரக் கற்றல் கருவி இருக்கிறது. அதன் வெளியீட்டை அப்படியே யாரும் இறுதி ஷாட்டில் வைப்பதில்லை, பிரேம் பிரேமாகத் திருத்த ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆட்களின் எண்ணிக்கை குறையும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் ரோட்டோ என்ற நுழைவாசல் குறுகும், முதல் நாளிலேயே ஜூனியர் காம்ப் வேலைக்குத் தயாராக வருகிறவர்களுக்கே இடம் இருக்கும். இது என் கணிப்பு மட்டுமே, இதை வைத்து வீட்டை அடகு வைத்துப் படிக்கவும் வேண்டாம், தொழிலையே விட்டு ஓடவும் வேண்டாம். இன்னொரு வருமான வழியைக் கையில் வைத்துக்கொண்டு முயலுங்கள் என்பேன்.

இப்போதைக்கு, அனுப்பிய அதே ரீலை மீண்டும் அனுப்பாதீர்கள். உங்கள் கிரீன்ஸ்கிரீன் ஷாட்டை மட்டும் எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். அதோடு ஒரு ஒயர் அகற்றும் ஷாட், நகரும் கேமராவில் சிஜி பொருள் சேர்த்த ஷாட் ஒன்று. மூன்றும் முடிந்ததும் அதே ஸ்டூடியோக்களுக்குப் புது இணைப்பை அனுப்பலாம், நான்கைந்து மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. மின்னஞ்சலின் தலைப்பில் 'ஜூனியர் காம்ப்' என்று துறை இருக்கட்டும், உள்ளே நான்கு வரிக்கு மேல் வேண்டாம். போன முறைக்குப் பிறகு ரீலில் எவை புதியவை என்று அதில் ஒரு வரி எழுதுங்கள், இணைப்புக்குக் கடவுச்சொல் இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்புங்கள். கடவுச்சொல் இல்லாமல் பூட்டிக்கிடந்து, யாரும் பார்க்காமலே போன ரீல்கள் நிறைய.